சத்தமில்லாத சைக்கிள்

சைக்கிள் என்றால் சத்தம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். கவரில் செயின் உரசுகிற சத்தம், டயரோடு ஒட்டிக்கொண்டு டைனமோ முனகுகிற சத்தம், மட்கார்டின் நட்டு கழன்று தாளம் போடுகிற சத்தம் – இவையெல்லாம் சேர்ந்துதான் எனக்குச் சைக்கிள். கடலூர் முதுநகரில் வாடகைச் சைக்கிள் கடைகள் இருந்த காலத்தில், மணிக்கு ஒரு ரூபாய் கொடுத்து, ஸீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாமல், பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். தெருமுனையில் ஒரு வண்டி திரும்பினால், கண்ணால் பார்க்காமலே அது எந்தக் கடை வண்டி, எத்தனாம் நம்பர் என்று சொல்லிவிடுவோம். அப்படி வளர்ந்தவனுக்கு, போன தை மாதத்தில் ஒரு நாள், சத்தமே போடாத சைக்கிளில் கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் போகிற பாக்கியம் கிடைத்தது. அதுவும் வழிகாட்டி ஒருவன் முன்னால் போக! பிறந்து வளர்ந்த பூமிக்கு வழிகாட்டி வைத்துக்கொண்டு போவதில் ஒரு வேடிக்கை இருக்கிறதல்லவா? அந்த வேடிக்கைக்காகவே சம்மதித்தேன்.

பேட்டரி சைக்கிள் என்கிறார்கள். பார்வைக்குச் சாதாரணச் சைக்கிள்தான். சட்டத்தில் ஒரு தடித்த குழாய் மாதிரி பாட்டரி. பின்சக்கரத்தின் நடுவில் ஒரு மோட்டார். நாம் மிதித்தால்தான் அதுவும் வேலை செய்யும் என்பது இதன் விசேஷம். பெடல் சுற்றுவதை உள்ளே இருக்கிற ஒரு கருவி தெரிந்துகொள்கிறது; உடனே மோட்டார் நம்மோடு சேர்ந்து தள்ளுகிறது. நாம் நிறுத்தினால் அதுவும் நிறுத்திக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டை 1993-ல் ஜப்பானில் யமஹா கம்பெனி கடைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டுச் சட்டப்படி மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டருக்கும் குறைவாக இருந்தால் லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம்.

இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்போடு நின்றுவிட்டவனுக்கு விஞ்ஞானம் பேசுவதில் கூச்சமே கிடையாது. ஆகையால் ஒரு கணக்குச் சொல்கிறேன். நம்மைப் போன்ற ஆசாமி ஒருவன் இரைக்காமல் தொடர்ந்து மிதித்தால் எழுபத்தைந்து வாட், மிஞ்சினால் நூறு. 250 வாட் என்றால் கண்ணுக்குத் தெரியாத இரண்டு மூன்று பேர் நமக்காகக் கூட உட்கார்ந்து மிதிக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் பேசுவதில்லை, வியர்ப்பதில்லை, டீக்குக் காசு கேட்பதில்லை. நமக்கோ எல்லாவற்றையும் நாமே மிதிக்கிறோம் என்று ஒரு கர்வம்! எவ்வளவு நாகரிகமான கூலியாட்கள்!

இந்தக் கூலியாட்கள் எங்கிருந்து வருகிறார்கள்? ஒரு தடவை சார்ஜ் ஏற்ற அரை யூனிட் மின்சாரம் போதும் என்றார்கள். கடலூர் ஜில்லாவில் இருந்துகொண்டு அந்த அரை யூனிட்டைப் பற்றி யோசித்தால் நெய்வேலி ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்? 1956-ல் ஏற்பட்ட கம்பெனி அது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரியின் மேலே மண் இருந்தது. மண்ணின் மேலே ஊர்கள் இருந்தன. மண்ணோடு ஊர்களும் கிளம்பின. ராட்டினம் மாதிரி வாளிகள் கோத்த ராட்சத யந்திரங்கள் இரவும் பகலும் அங்கே பூமியைப் பறித்துக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும், அது என்ன சத்தம் என்று. என் சைக்கிள் ஒரு கிராமத்தில் சத்தமில்லாமல் போகிறதென்றால் சத்தம் ஒழிந்துபோய்விட்டதாக அர்த்தமில்லை. அது வேறு ஊருக்கு மாற்றலாகியிருக்கிறது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. டீயில் போடுகிற சர்க்கரையிலிருந்து எல்லாமே அப்படித்தான் நமக்கு வந்து சேருகின்றன. ஆனால், அன்றைக்கு முழுவதும் ‘அமைதி’ என்ற வார்த்தையை நான் கேட்டுக்கொண்டே போகும்படி நேர்ந்தது. கேட்கும்போதெல்லாம், இது எந்தச் சத்தம் போன பிறகு மிச்சமிருக்கிற அமைதி என்று ஒரு கேள்வியும் கூடவே வந்துகொண்டிருந்தது.

அமைதி என்பது இப்போது விலைக்குப் போகிற சரக்கு. மத்தியதரைக் கடலோர நாடுகளில் இது பெரிய தொழில். ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்க்கா தீவிலும், பிரான்ஸின் ப்ரொவான்ஸ் பிரதேசத்திலும், இத்தாலியின் தெற்கு மூலையில் உள்ள புலியாவிலும் ஒரு வழிகாட்டி முன்னால் போக, ஏழெட்டுப் பேர் மின்சாரச் சைக்கிள்களில் ஆலிவ் தோப்புகளுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் ஊடே போகிறார்கள். முழங்கால் தேய்ந்தவர்களும் மேடு ஏறலாம்; மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகலாம்; வழியில் இறங்கி ரொட்டியும் ஒயினும் ருசி பார்க்கலாம். அந்தச் சைக்கிள் புதுச்சேரிப் பக்கமும் ஆரோவில் பக்கமும் வந்து சில வருஷங்களாகின்றன. அங்கிருந்து ஒரு சிறிய ஸ்தாபனத்தார் தெற்கே எங்கள் கடற்கரை வரைக்கும் நூல் விட்டுப் பார்க்கிறார்கள். நாங்கள் ஐந்து பேர்: நான், என்னை இழுத்துவந்த சிநேகிதர், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பெண், பிரெஞ்சுக்காரத் தம்பதி ஒன்று. பிரெஞ்சுக்காரர் ஓய்வு பெற்ற உபாத்தியாயர், ப்ரொவான்ஸ்காரர். வழிகாட்டி இருபத்தாறு வயதுப் பையன். கறுப்பு, ஒல்லி, நல்ல பல்வரிசை. கிள்ளைப் பக்கம் என்று சொன்னான்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நெடுஞ்சாலை வழியாக நாற்பத்தைந்து கிலோ மீட்டர் இருக்கும். பஸ்ஸில் போனால் ஒரு குட்டித் தூக்கம். நாங்கள் போனது கடலோரமாகச் சுற்றிக்கொண்டு. காலை ஆறு மணிக்கு முதுநகரை விட்டுக் கிளம்பி, முதலில் தொழிற்பேட்டையைத் தாண்டினோம். அங்கே ரசாயன ஆலைகளின் வாசனையைப் பற்றி வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எந்த ஊர் வழிகாட்டியும் கண்ணுக்குத்தான் விளக்கம் சொல்வான்; மூக்குக்குச் சொல்லமாட்டான். பிறகு கிழக்கே திரும்பி உப்பனாற்றைக் கடந்ததும் வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்து, “இனிமேல் ரொம்ப அமைதியாக இருக்கும்” என்று இங்கிலீஷில் சொன்னான்.

உண்மைதான். ஒரு பக்கம் சவுக்கு. ஒரு பக்கம் முந்திரி. நடுநடுவே மல்லாட்டைக் கொல்லை. முந்திரி பூத்திருந்தது. அந்தப் பூவுக்கு ஒரு மெல்லிய, தித்திப்பான வாசனை உண்டு. பஸ்ஸிலோ காரிலோ போகிறவனுக்கு அது கிட்டாது. மணல் வெளியில் பனைகள் தனித்தனியே நின்றன. சித்திரைப்பேட்டை, தியாகவல்லி என்று ஊர்ப் பெயர்களைப் பாருங்கள் – எத்தனை அழகு! தியாகவல்லி என்பது குலோத்துங்க சோழனுடைய பட்டத்து ராணியின் பெயர். இங்கே இருக்கிற திருச்சோபுரம் கோயில் ஞானசம்பந்தரால் பாடப்பட்டது. ஒரு காலத்தில் அது மணலில் மூடிப்போய்க் கிடந்ததாகவும், பிறகு தோண்டி எடுத்ததாகவும் சொல்வார்கள். அந்தப் பக்கத்து மணலைப் பார்த்தவர்கள் நம்பத் தயங்கமாட்டார்கள்.

ஆனால் இந்த முந்திரிகளில் கிழட்டு மரங்கள் அதிகம் கண்ணில் படாதது ஏன் என்று பெங்களூர்ப் பெண் கேட்டாள். புத்திசாலிப் பெண். 2011 டிசம்பர் 30-ம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. முந்திரியும் பலாவும்தான் இந்த ஜில்லாவின் பொக்கிஷம். தகப்பன் நட்டு மகன் சாப்பிட்டு, பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அந்தத் தோப்பைக் காட்டித்தான் சம்பந்தம் பேசுவார்கள். ஒரே இரவில் தோப்புத் தோப்பாக வேரோடு சாய்ந்து கிடந்தன. இந்தக் கடலோரத்திலேயே கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அன்று அடிபட்டது. வேலை நின்று, வருஷக்கணக்காக இரும்புத் தூண்களாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. சத்தம் போட வந்த இடத்தில் அது சத்தம் போடவில்லை. வேலை கிடைக்கும் என்று நிலத்தைக் கொடுத்தவன் மட்டும், வேறு ஊரில் வேலை தேடிப் போனான்.

நான் சொன்னதைச் சிநேகிதர் இங்கிலீஷில் பெயர்த்துச் சொல்ல, பிரெஞ்சுக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். எங்கள் ஊரிலும் இதே கதை என்றார். 1956 பிப்ரவரியில் ப்ரொவான்ஸில் ஒரு கடுங்குளிர். ஆலிவ் மரங்கள் உள்ளே உறைந்து பட்டுப்போயின. பாட்டன் முப்பாட்டன் மரங்கள். அவருடைய தகப்பனார் அவற்றை வெட்டி விறகாக்கிவிட்டுப் பட்டணத்துக்குப் பிழைக்கப் போனாராம். “இப்போது எங்கள் கிராமத்துக்கு இதே மாதிரி சைக்கிளில் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். எவ்வளவு அமைதி என்கிறார்கள். அமைதிதான், என் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர்கூட அங்கே இல்லை” என்றார். அவர் மனைவி அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். முந்திரிப் பூவின் ஒரு கொத்தை அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பறிக்கவில்லை.

இந்தக் கரையில் மேடு கிடையாது. இங்கே காற்றுதான் மேடு. ஒன்பது மணிக்கு மேல் கடல்காற்று எழுந்தது. எங்களுக்கென்ன? கண்ணுக்குத் தெரியாத கூலியாட்கள் இருக்கிறார்கள். எதிரே, சர்க்கார் கொடுத்த இலவச சைக்கிளில், ஸீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்துக்கொண்டு வந்தார்கள் நாலைந்து பள்ளிக்கூடத்துப் பெண்கள். 2001-ல் ஆரம்பித்த திட்டம்; முதலில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு மட்டும், பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று விரிந்தது. தமிழ்நாட்டில் பல பெண்கள் பதினோராம் வகுப்புக்குப் போனதே அந்தச் சைக்கிளால்தான் என்பது என் அபிப்பிராயம். அவர்களில் ஒருத்தி நின்று, “அண்ணா, இது எவ்ளோ?” என்று வழிகாட்டியைக் கேட்டாள். நாற்பதாயிரத்துக்கு மேலே என்றான். அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். “மிதிச்சாத்தான் போவுமா? அப்ப இன்னாத்துக்கு நாப்பதாயிரம்?” என்று கேட்டுவிட்டுப் போயேவிட்டாள். அதற்குப் பதில் எங்கள் ஐவரில் ஒருவரிடமும் இல்லை.

பரங்கிப்பேட்டையில் வழிகாட்டி மூன்று நிமிஷம் சரித்திரம் சொன்னான். 1781 ஜூலை முதல் தேதி இங்கே ஹைதர் அலியைச் சர் அயர் கூட் தோற்கடித்தான். 1830-ல் ஹீத் என்ற வெள்ளைக்காரன் இங்கே இரும்பாலை வைத்தான். உலைக்குக் கரி வேண்டும் என்று காடுகளை வெட்டினார்கள். பிறகு ஆலையும் போயிற்று. பீரங்கி முழங்கிய ஊர், இரும்பு காய்ச்சிய ஊர் – தெருவில் பூட்டிய வீடுகள் நிறைய. ஆண்பிள்ளைகள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவர் கைபேசியில் பேரனோடு உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். தெருவில் கேட்ட சத்தம் அது ஒன்றுதான்.

வெள்ளாற்றைத் தாண்டிக் கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை மணி. துடுப்புப் படகில் காட்டுக்குள் போனோம். பிச்சாவரத்தைப் பற்றி எழுதாதவர் யார்? நான் வேறு எழுத வேண்டாம். சுரபுன்னைகள் விரல் ஊன்றிய மாதிரி வேர் ஊன்றி நிற்க, வெண்கண்டலின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து ஆணி ஆணியாக எழுந்து நிற்கின்றன என்பதோடு விட்டுவிடுகிறேன். வழிகாட்டி அங்கேதான் முழு உற்சாகத்தோடு பேசினான். பறவைகளின் பெயரெல்லாம் சொன்னான். 2022-ல் சர்வதேச ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சதுப்பு நிலம் என்றான். 2004 டிசம்பர் 26-ம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் காடு அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டு பின்னாலிருந்த கிராமங்களைக் காப்பாற்றியது என்றான். ஆராய்ச்சிக்காரர்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சு அம்மாள் ஒரு வேரைத் தொட்டுக் கும்பிட்டாள். நம் ஊருக்கு வந்த பத்து நாளில் கற்றுக்கொண்ட பழக்கம்.

கரைக்கு வந்ததும், மீன் கூடையோடு நின்றிருந்த ஒரு பெண்பிள்ளை அவனைக் கூப்பிட்டாள்.

“டேய், சோறு தின்னியா?”

“ஆச்சு சித்தி. ஆளுங்க இருக்காங்க.”

“இருக்கட்டும். இருபத்தாறாம் தேதி ஏண்டா வரல? உங்கம்மாவுக்குக் கடல்ல பால் ஊத்த நீதானே வரணும்? உன் மாமன்தான் ஊத்திச்சு.”

“டூர் இருந்துச்சு சித்தி.”

டிசம்பர் கடைசி வாரம் புதுச்சேரியில் சீசன். கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் நடுவிலே ஒரு நாள்கூட லீவு கேட்க முடியாது.

மற்றவர்கள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவனோடு தனியே நின்றேன். “உன் ஊர் காட்டுக்குப் பின்னாலா, முன்னாலா?” என்று கேட்டேன்.

“முன்னால ஸார்” என்றான்.

காட்டுக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஜனங்கள் குடியிருந்தார்கள். காடு காப்பாற்றியது பின்னால் இருந்தவர்களை. முன்னால் இருந்தவர்களுக்கும் அலைக்கும் நடுவே ஒன்றுமில்லை. கடலூர் ஜில்லாவில் அன்று இறந்தவர்கள் 600-க்கு மேல். திட்டில் மிஞ்சியவர்களைப் பிறகு உள்ளே தள்ளிக் குடிவைத்தார்கள். பையனுக்கு அப்போது ஐந்து வயது.

“படகிலே அதை ஏம்ப்பா சொல்லலை?”

“முதல்ல ரெண்டு மூணு தடவை சொன்னேன் ஸார்” என்றான். “சொன்ன அன்னிக்கெல்லாம் டிப்ஸ் ஜாஸ்தியா வந்துச்சு. அதனாலதான் சொல்றதில்லை.”

நான் கதை எழுதிச் சாப்பிடுகிறவன். எங்கள் தொழிலில் அழுகைக்கு ஒரு ரேட் உண்டு. சிரிப்புக்கு ஒரு ரேட் உண்டு. எது அதிகம் என்பது எந்தப் பத்திரிகை ஆபீஸ் வாசலில் நின்றாலும் தெரியும். அதைத் தவறு என்று நான் நினைக்கவில்லை. துக்கத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லுகிறவனுக்கும் வயிறு இருக்கிறது. ஆனாலும் இருபத்தாறு வயதுப் பையன் ஒருவன், தனக்குச் சொந்தமான ஒன்றைக் கூடுதல் விலைக்குக் கேட்கிறார்கள் என்று தெரிந்தவுடனே கடையை விட்டு எடுத்து உள்ளே வைத்துவிட்டான் என்பது எனக்குப் பெரிய சமாச்சாரமாகப் பட்டது. என் வண்டியின் சத்தத்தை நெய்வேலிக்காரர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். இவனுடைய சத்தத்தை இவனே கேட்டுக்கொள்கிறான்.

ஆனால் பால் ஊற்றப் போகாததற்கு அவனை நான் மெச்சவில்லை. அவனும் மெச்சிக்கொள்ளவில்லை. சித்தி போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எழுதுவீங்களா ஸார்?”

“எழுதுவேன் என்றுதான் தோணுது.”

“ஊர் பேர் வேணாம் ஸார்.”

ஆகையால் அது எந்தத் திட்டு என்பதை நான் எழுதப்போவதில்லை.

காட்டின் ஓரத்தில் ஒரு மரத்தைக் காட்டினான். இலைகளில் சில பழுத்துச் சிவந்திருந்தன. அதுதான் தில்லை. சிதம்பரத்துக்கு எந்த மரத்தால் தில்லை என்று பெயர் வந்ததோ, எந்த மரம் நடராஜர் கோயிலின் ஸ்தல விருட்சமோ, அந்த மரம். ஊருக்குள்ளே அந்தக் காடு போய் எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகின்றன. உப்புத் தண்ணீர் இருக்கிற இந்த இடத்தில் மிஞ்சியிருக்கிறது. இதில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. கிளையை ஒடித்தால் வெள்ளையாகப் பால் வரும். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பெங்களூர்ப் பெண் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “தொட்டால் ஒன்றும் பண்ணாது மேடம், ஒடித்தால்தான்” என்றான்.

சிதம்பரத்துக்கு இன்னும் ஐந்து கிலோ மீட்டர் இருக்கும்போது என் பாட்டரி தீர்ந்துவிட்டது. கூலியாட்கள் இறங்கிப் போன பிறகுதான் வண்டியின் கனம் தெரிந்தது. இருபது கிலோவுக்கு மேலே இரும்பும் ஈயமுமாக – ஈயம் இல்லை, லித்தியம் என்று சிநேகிதர் திருத்தினார் – இழுக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் சம்பா அறுவடை; அறுவடை யந்திரங்களின் இரைச்சல்; அரைகுறையாக உலர்ந்த வைக்கோல் வாசனை. பையன் என்னை நிறுத்தித் தன் வண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு என்னுடையதில் ஏறிக்கொண்டான். பிறகும் அவன்தான் முன்னால் போனான்.

கீழ வீதியில் ஒரு ஹோட்டல் வாசலில் வண்டிகளை நிறுத்தினோம். கத்தரிக்காய்க் கொத்சோடு இட்லி கிடைத்தது. சிதம்பரத்துக்கு வந்து கொத்சு சாப்பிடாமல் போகிறவன் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவன். வண்டிகளை ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குத் திரும்பக் குட்டியானை வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம். மறுநாள் காலையிலும் டூர் இருந்ததால், பையன் ஆறு பாட்டரிகளையும் கழற்றி உள்ளே கொண்டுபோய், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கில் ஒரு நீட்டிப்பு வயர் போட்டு வரிசையாக மாட்டினான். ஆறு சிவப்பு விளக்குகள் எரிந்தன. பிரெஞ்சுக்காரர் வந்து அவன் கையில் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்து அழுத்தினார். அவன் அதைப் பார்க்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நன்றி சொன்னான். பிறகு ஸர்வரைப் பார்த்து, “அண்ணே, பச்சை எரிஞ்சா ஒரு குரல் குடுங்க” என்று சொல்லிவிட்டு, இலையின் முன்னால் வந்து உட்கார்ந்தான்.